பந்துக்குக் காற்றடிப்பதும் பொறியியல்தான்

2008 ஜனவரி 5, சனிக்கிழமை. அமெரிக்காவிலும் கனடாவிலும் வேறு பல நாடுகளிலும் உள்ள பள்ளி மாணவர்கள் அந்த ஆண்டின் ரோபோ போட்டிக்கு என்ன விளையாட்டு என்ற அறிவிப்புக்காகக் காத்திருந்தார்கள். ‘ஃபர்ஸ்ட் ஓவர்டிரைவ்’ என்ற விளையாட்டு வந்தது. ரோபோக்கள் ஓடுபாதையைச் சுற்றி வர வேண்டும். 40 அங்குல விட்டமுள்ள ஒரு பந்தைத் தள்ளிக்கொண்டும் தூக்கிக்கொண்டும் வர வேண்டும். நடுவில் குறுக்கே நிற்கும் ஆறரை அடி உயரப் பாலத்துக்கு மேலாக அந்தப் பந்தைத் தாண்டவிட வேண்டும். தாண்டவிட்டால் ஒவ்வொரு முறையும் 8 புள்ளி. ஆட்டம் முடியும் நேரத்தில் பந்து பாலத்தின் மேல் நின்றால் 12 புள்ளி.

விதிப்படி ரோபோவின் அடிப்பகுதி 28 அங்குலத்துக்கு 38 அங்குலம் என்ற அளவுக்குள் அடங்க வேண்டும். பந்தோ அதைவிட அகலம். ரோபோவை வரையத் தாளை எடுக்கும் முன்பே ஒவ்வோர் அணியும் இரண்டு கேள்விகளுக்கு விடை தேட வேண்டியிருந்தது. இவ்வளவு பெரிய பந்து எங்கே கிடைக்கும்? கிடைத்தால் அதற்கு எப்படிக் காற்றடிப்பது?

கேட்பதற்கு எளிய கேள்விகள்தான். ஆனால் மோட்டாரையும் சென்சாரையும் நிரலையும் பற்றி மாணவர்கள் மணிக்கணக்கில் விவாதிக்கும் பட்டறையில், மூலையில் கிடக்கும் பந்து சரியான அளவில் இல்லையென்றால் மற்ற உழைப்பெல்லாம் தவறான திசையில் போய்விடும். ரோபோ தொடுகிற, பிடிக்கிற, எறிகிற ஒரே பொருள் அந்தப் பந்துதான். அதுவும் இயந்திரத்தின் ஓர் உறுப்பு என்று கருதும் அணிகளுக்கும், விளையாட்டுச் சாமான் என்று கருதும் அணிகளுக்கும் உள்ள வேறுபாடு களத்தில் தெரிந்துவிடும்.

ஒவ்வோர் ஆண்டும் புது ஆட்டம்

இந்த ரோபோ போட்டியை நடத்தும் ஃபர்ஸ்ட் அமைப்பை 1989இல் தொடங்கியவர் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் டீன் கேமன். எம்.ஐ.டி. பேராசிரியர் வுடி ஃபிளவர்ஸ் போட்டியை வடிவமைப்பதில் அவருக்குத் துணை நின்றார். 1992இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மான்செஸ்டர் நகரில், ஓர் உயர்நிலைப் பள்ளியின் உள்ளரங்கில் 28 அணிகளோடு முதல் போட்டி நடந்தது. அன்று ரோபோக்கள் பொறுக்கியவை டென்னிஸ் பந்துகள். இன்று மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அணிகள் உலகெங்கும் இதில் கலந்துகொள்கின்றன.

இந்தப் போட்டியின் சிறப்பே ஒவ்வோர் ஆண்டும் விளையாட்டு அடியோடு மாறுவதுதான். போன ஆண்டின் ரோபோ இந்த ஆண்டுக்கு உதவாது. ஆடுபொருளும் மாறும். 2004இல் 13 அங்குலப் பந்துகளோடு, புள்ளிகளை இரட்டிப்பாக்கும் 30 அங்குலப் பெரிய பந்துகளும் இருந்தன. 2008இல் 40 அங்குலப் பந்து. 2014இல் ‘ஏரியல் அசிஸ்ட்’ என்ற ஆட்டத்துக்கு 24 அங்குல உடற்பயிற்சிப் பந்து. 2019இல் ஆரஞ்சு நிறத்தில் 13 அங்குல ரப்பர் பந்து. 2022இல் டென்னிஸ் பந்தைப் பெரிதாக்கியது போன்ற ஒன்பதரை அங்குலப் பந்து. 2023இல் பந்துக்குப் பதில், துணியுறை போட்டுக் காற்றடைத்த ஊதாக் கனசதுரம். 2025இல் ‘ரீஃப்ஸ்கேப்’ என்ற கடலடி ஆட்டத்தில் பாசியாக நடித்தது 16¼ அங்குல ரப்பர் பந்து.

இடையில் பஞ்சு போன்ற நுரைப் பந்துகள் வந்த ஆண்டுகளும் உண்டு. நுரைப் பந்தை வாங்கினால் அப்படியே பயன்படுத்தலாம். காற்றடைத்த பந்து வரும் ஆண்டில்தான் பட்டறைக்குள் பம்பும் இன்ச் டேப்பும் நுழைகின்றன.

அறிவிப்பு வந்ததும் தொடங்கும் தேடல்

ஜனவரி மாதத் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை உலகம் முழுவதற்கும் ஒரே நாளில் விளையாட்டு அறிவிக்கப்படுகிறது. அதுவரை என்ன பந்து என்பது வெளியே தெரியாது. அறிவித்த மறுகணமே ஆயிரக்கணக்கான அணிகளுக்கு ஒரே வகைப் பந்து தேவைப்படுகிறது. நீண்ட காலம் ரோபோ கட்டுவதற்கு ஆறு வாரம்தான் கெடு. அது முடிந்ததும் ரோபோவைத் தொடக்கூடாது என்று விதி இருந்தது. 2020 பருவத்திலிருந்து அந்தக் கட்டுப்பாடு நீக்கப்பட்டாலும் முதல் போட்டிக்கு உள்ள அவகாசம் இன்றும் சில வாரங்கள்தான். பந்து வந்துசேர ஒரு வாரம் பிடித்தால் அது பெரிய இழப்பு.

போட்டிக்கான அதிகாரபூர்வமான பந்துகளை விற்கும் நிறுவனங்களில் முக்கியமானது, இண்டியானா மாநிலத்தின் கொகோமோ நகரில் உள்ள ஆண்டிமார்க். ஆண்டி பேக்கர், மார்க் கூர்ஸ் என்ற இரு பொறியாளர்கள் 2004இல் தொடங்கிய நிறுவனம் அது. அங்கே முன்பதிவு செய்துவிட்டு, பந்து வந்துசேரும்வரை கையில் கிடைக்கும் மாற்றுப் பந்தை வைத்து வேலையைத் தொடங்கலாம். மாற்றுப் பந்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பல அணிகள் இடறுகின்றன.

2014ஆம் ஆண்டுப் பந்தையே எடுத்துக்கொள்வோம். 24 அங்குலம் என்பது 61 சென்டிமீட்டர். விளையாட்டுப் பொருள் கடைகளில் உடற்பயிற்சிப் பந்துகள் வழக்கமாக 55, 65, 75 சென்டிமீட்டர் என்ற அளவுகளில்தான் விற்கப்படுகின்றன. உட்கார்ந்து பயிற்சி செய்பவரின் உயரத்துக்கு ஏற்ற அளவுகள் அவை. அவற்றில் 61 இல்லை. 65 பந்தை வாங்கி 61 வரை மட்டும் காற்றடித்தால் அளவு சரியாக இருக்கும், பந்து தொளதொளவென்றிருக்கும். 55 பந்தை வாங்கி 61 வரை ஊதினால் தோல் மெலிந்து விறைத்துக் கல் போலாகும். எப்போது வெடிக்கும் என்றும் சொல்ல முடியாது. இன்ச் டேப்பில் மூன்றும் ஒரே அளவுதான் காட்டும். ரோபோவின் கைக்கோ அவை மூன்றும் வேறு வேறு பந்துகள்.

ஆகவே வாங்கும்போது விட்டத்தை மட்டும் பார்த்தால் போதாது. எந்த அளவுக்காக அந்தப் பந்து தயாரிக்கப்பட்டது, ரப்பரா பி.வி.சி.யா, வெறும் தோலா அல்லது உள்ளே பிளாடரும் வெளியே உறையுமா, எடை எவ்வளவு, மேற்பரப்பு வழவழப்பா சொரசொரப்பா என்று ஒவ்வொன்றையும் விதிப்புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். அதிகாரபூர்வப் பந்து கைக்கு வந்த அன்றே மாற்றுப் பந்தின் அருகில் வைத்து இரண்டையும் அளந்து பார்ப்பது நல்லது. அதுவரை செய்த சோதனைகளில் எவற்றை நம்பலாம், எவற்றைத் திரும்பச் செய்ய வேண்டும் என்பது அப்போது தெரிந்துவிடும்.

வால்வும் கவனிக்க வேண்டிய ஒன்று. விளையாட்டு மைதானத்து ரப்பர் பந்துக்கு, கால்பந்துக்குப் போலவே, ஊசி செருகிக் காற்றடிக்க வேண்டும். உடற்பயிற்சிப் பந்தில் பெரும்பாலும் ஒரு சிறு அடைப்பான்தான் இருக்கும். அதைப் பிடுங்கிக் காற்றை ஏற்றிவிட்டு, காற்று வெளியேறும் முன் சட்டென்று செருகிவிட வேண்டும். ஊசி ஒடிவதும் அடைப்பான் தொலைவதும் அன்றாடம் நடப்பவை. பந்து வாங்கும்போதே இரண்டிலும் கூடுதலாக வாங்கிவைத்தால் போட்டிக்கு முந்தைய இரவு கடை கடையாக அலைய வேண்டியதில்லை.

அழுத்தமானி ஏன் உதவாது?

கால்பந்துக்குக் காற்றடிப்பவர்கள் அழுத்தத்தைத்தான் அளக்கிறார்கள். கடல்மட்டத்தில் 0.6 முதல் 1.1 வளிமண்டல அழுத்தம் வரை இருக்கலாம் என்பது கால்பந்து விதி. அதே அழுத்தத்தைப் பெரிய பந்தில் ஏற்றினால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பந்தை நடுவில் இரண்டு பாதியாக வெட்டியதாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் காற்று இரு பாதிகளையும் பிரிக்கப் பார்க்கிறது. அந்த விசை, அழுத்தத்தை நடுவட்டத்தின் பரப்பால் பெருக்கினால் கிடைக்கும். 22 சென்டிமீட்டர் விட்டமுள்ள கால்பந்தில் 0.6 வளிமண்டல அழுத்தம் ஏறக்குறைய 235 கிலோ எடைக்குச் சமமான விசையைத் தரும். 40 அங்குலப் பந்தில் அதே அழுத்தம் சுமார் 5 டன் எடைக்குச் சமமான விசையைத் தரும். மெல்லிய பி.வி.சி. தோல் அதைத் தாங்காது. அளவு பெரிதாகப் பெரிதாகத் தோலின் மேல் இழுப்பு கூடிக்கொண்டே போகும் என்பதால், பெரிய பந்துகள் எல்லாமே மிகக் குறைந்த அழுத்தத்தில்தான் நிற்கின்றன. கடையில் கிடைக்கும் சாதாரண அழுத்தமானியில் அது முள் அசையாத அளவு.

அதனால்தான் போட்டி விதிகள் இந்தப் பந்துகளுக்கு விட்டத்தைக் குறிப்பிடுகின்றன. 2025ஆம் ஆண்டுப் பந்துக்கு 16¼ அங்குலம், அரை அங்குலம் கூடலாம் அல்லது குறையலாம் என்று விதி சொன்னது. அரை அங்குலம் சின்ன வித்தியாசம் போலத் தோன்றும். ஆனால் காற்றின் கொள்ளளவு விட்டத்தின் மும்மடிப்பெருக்கத்தோடு மாறுகிறது. 24 அங்குலப் பந்தின் விட்டம் 1 அங்குலம் குறைந்தால், உள்ளே இருக்கும் காற்றில் 12 சதவீதம் குறைந்துவிட்டது என்று பொருள்.

விட்டத்தை நேரடியாக அளப்பது கடினம். உருண்டைப் பொருளின் மேல் அளவுகோலை வைத்தால் கண்ணுக்குக் கண் மாறும். தையற்காரரின் இன்ச் டேப்பை எடுத்துப் பந்தின் இடுப்பைச் சுற்றி அளப்பதுதான் நம்பகமான வழி. சுற்றளவு விட்டத்தைப் போல 3.14 மடங்கு. 24 அங்குலப் பந்துக்கு 75.4 அங்குலமும், 40 அங்குலப் பந்துக்கு 125.7 அங்குலமும், 16¼ அங்குலப் பந்துக்கு 51 அங்குலமும் வர வேண்டும். இந்த முறையில் இன்னொரு நன்மையும் உண்டு: விட்டத்தில் உள்ள பிழை டேப்பில் மூன்று மடங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். மேலிருந்து கீழ், பக்கவாட்டு, சாய்வு என்று மூன்று திசையில் அளந்தால் பந்து உருண்டையா, முட்டை வடிவமா என்பதும் புலப்படும்.

ஒரே நாளில் பல பந்துகளைச் சரிபார்க்க வேண்டிய அணிகளுக்குத் தொழிற்சாலை முறையே ஏற்றது. ஒட்டுப்பலகையில் இரண்டு வட்டத் துளைகள் வெட்டிக்கொள்ள வேண்டும்: ஒன்று அனுமதிக்கப்பட்ட பெரிய அளவு, மற்றது சிறிய அளவு. பெரிய துளையில் பந்து நுழைய வேண்டும். சிறிய துளையில் நுழையக்கூடாது. லேத் பட்டறைகளில் ‘கோ, நோ-கோ’ கேஜ் என்று சொல்வார்களே, அதே தத்துவம். பலகையை ஒருமுறை வெட்டிவிட்டால் ஏழாம் வகுப்புப் பிள்ளைகூட ஒரு நிமிடத்தில் பத்துப் பந்துகளைப் பிரித்துவிடலாம்.

எவ்வளவு காற்று, எந்த பம்ப்?

24 அங்குலப் பந்துக்குள் ஏறக்குறைய 120 லிட்டர் காற்று பிடிக்கும். 40 அங்குலப் பந்துக்கு 550 லிட்டர். ஒரு தடவை அழுத்தினால் அரை லிட்டர் தரும் கைப்பம்ப் என்று வைத்துக்கொண்டாலும், பெரிய பந்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் அழுத்த வேண்டும். சைக்கிள் பம்ப் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஒடுங்கிய டியூபுக்குள் அதிக அழுத்தத்தில் கொஞ்சம் காற்றை ஏற்றுவது அதன் வேலை. பெரிய பந்துக்குத் தேவை குறைந்த அழுத்தம், நிறையக் காற்று. காற்று மெத்தையை ஊதப் பயன்படும் மின்பம்பும், காற்றை வெளியே ஊதும் வசதியுள்ள பட்டறை வாக்யூம் கிளீனரும் இதற்குப் பொருத்தம். முனை மட்டும் வால்வுக்குப் பொருந்த வேண்டும். ரப்பர்க் குழாய்த் துண்டையோ முப்பரிமாண அச்சில் எடுத்த ஒரு சிறு இணைப்பையோ மாணவர்களே செய்துகொள்ளலாம்.

பட்டறையில் கம்ப்ரசர் இருந்தால் கை அதை நோக்கித்தான் போகும். வேகமாகக் காற்று ஏறும் என்பது உண்மைதான். ஆனால் பந்தின் தோல் தாங்கக்கூடிய அழுத்தத்தைப் போலப் பல மடங்கு அழுத்தம் அந்தத் தொட்டிக்குள் இருக்கிறது. ஒரு சில நொடி கவனம் தவறினால் பந்து வெடித்துவிடும். கம்ப்ரசரைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் ரெகுலேட்டரை மிகக் குறைவாக வைத்து, கண்ணாடி அணிந்து, விட்டுவிட்டு ஊதி, ஒவ்வொரு முறையும் டேப் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒருவர் ஊதும்போது இன்னொருவர் அளப்பது பாதுகாப்பு.

ஊசி வால்வு உள்ள பந்துக்கு ஊசியை உலர்ந்தபடியே குத்தினால் உள்ளேயிருக்கும் ரப்பர் வாய் கிழிந்து, அன்றிலிருந்து மெல்ல மெல்லக் காற்று கசியத் தொடங்கும். ஒரு துளி கிளிசரினோ சிலிகான் எண்ணெயோ தடவி, நேராகச் செருகினால் வால்வு நெடுநாள் நீடிக்கும்.

புதிய பி.வி.சி. பந்தை ஒரே மூச்சில் முழு அளவுக்கு ஊதக்கூடாது. மடித்து டப்பாவுக்குள் கிடந்த தோல் விரிவதற்கு நேரம் வேண்டும். ஐந்தில் நான்கு பங்கு ஊதி, ஒரு நாள் அப்படியே அறை வெப்பத்தில் விட்டு, மறுநாள் மீதியை ஊத வேண்டும் என்பதே உடற்பயிற்சிப் பந்து தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லும் முறை. அதற்குப் பிறகும் முதல் சில நாட்கள் தோல் கொஞ்சம் கொஞ்சமாக நெகிழும். திங்கட்கிழமை சரியாக இருந்த பந்து புதன்கிழமை பெரிதாகவோ மென்மையாகவோ மாறியிருக்கலாம். பயிற்சி தொடங்கும் முன் தினமும் ஒருமுறை அளப்பது அதனால்தான் கட்டாயம்.

குளிரில் சுருங்கும் பந்து

போட்டிப் பருவம் வட அமெரிக்காவின் கடுங்குளிர் காலத்தில் வருகிறது. 22 டிகிரி வெப்பமுள்ள பட்டறையில் சரியாக 24 அங்குலத்துக்கு ஊதிய பந்தை, 0 டிகிரியில் நிற்கும் வண்டியின் பின்பகுதியில் ஏற்றி அனுப்புகிறார்கள் என்று கொள்வோம். குளிர்ந்த காற்று சுருங்கும். தோராயமாக ஏழரை சதவீதக் கொள்ளளவு குறைந்து, பந்தின் விட்டம் 23.4 அங்குலம் ஆகிவிடும். டேப்பில் ஏறக்குறைய 2 அங்குலம் குறையும். பஞ்சர் எதுவும் இல்லை; ஒரு குமிழிக் காற்றுகூட வெளியேறவில்லை. ஆனால் பந்து சின்னதாகிவிட்டது.

அரங்குக்குள் வந்ததும் அவசரப்பட்டு அதற்குக் காற்றடித்தால், ஒரு மணி நேரத்தில் பந்து சூடேறி அளவுக்கு மீறிப் பெருத்து நிற்கும். அரங்கின் வெப்பத்துக்குப் பந்து வரும்வரை பொறுத்து, பிறகு அளந்து, பிறகே காற்றைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். பள்ளிப் பாடத்தில் வாயு விதிகளை மனப்பாடம் செய்த மாணவர்களுக்கு அந்த விதி கண்முன் வேலை செய்வதைக் காட்ட இதைவிட நல்ல செய்முறை கிடையாது.

ரோபோவுக்கு என்ன வேறுபாடு?

ரோபோ பந்தை உருளைகளுக்கு நடுவே நசுக்கிப் பிடிக்கிறது. 5 கிலோ எடைக்குச் சமமான விசையில் உருளை அழுத்துகிறது, பந்தின் உள்ளழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 50 கிராம் எடையளவு என்று வைத்துக்கொண்டால், தொடுபரப்பு சுமார் 100 சதுர சென்டிமீட்டர். அழுத்தம் பாதியானால் தொடுபரப்பு இரட்டிப்பாகும். உருளை பந்துக்குள் இன்னும் ஆழமாக அமிழும். இறுகிய பந்தோ உருளையை வெளியே தள்ளும், மோட்டாருக்குச் சுமை கூடும், சில நேரம் உள்ளேயே வராது. ஒரு குறிப்பிட்ட பந்துக்காக உருளைகளின் இடைவெளியைத் திருத்திவைத்த அணி, களத்தில் வேறு இறுக்கத்தில் பந்து வந்ததும் திணறுவது இதனால்தான்.

எறிவதில் இன்னும் நுட்பம் அதிகம். 2014 ஆட்டத்தில் மூன்று ரோபோக்கள் கொண்ட கூட்டணி, பந்தைத் தமக்குள் கைமாற்றி, களத்தின் குறுக்கே நிற்கும் சட்டகத்துக்கு மேலாக எறிந்து, கடைசியில் ஏறக்குறைய 7 அடி உயரத்தில் இருந்த இலக்கில் போட வேண்டும். மேல் இலக்குக்கு 10 புள்ளி. சட்டகத்தைத் தாண்டவிட்டால் 10. மூன்று ரோபோக்களும் பந்தைக் கையாண்டிருந்தால் கூடுதலாக 30. ஆகவே ஒரு தவறான எறிதல் தன் அணியோடு முடிவதில்லை, கூட்டணி முழுவதன் சுற்றையும் கெடுக்கும். பல அணிகள் கவண் போன்ற எறிகருவிகளைக் கட்டின. தொளதொளத்த பந்து கவணின் ஆற்றலில் ஒரு பகுதியைத் தானே நசுங்குவதில் விழுங்கிவிடும், தூரம் குறையும். பந்து பெரிது, எடை குறைவு என்பதால் காற்றுத் தடையும் பாதையை வெகுவாக வளைக்கும்.

பலரும் கவனிக்காத இன்னொன்று, பந்துக்குள் இருக்கும் காற்றின் நிறை. 40 அங்குலப் பந்துக்குள் ஏறக்குறைய 650 கிராம் காற்று இருக்கிறது. சுற்றியுள்ள காற்றே அதைத் தாங்கிக்கொள்வதால் தராசில் அது தெரியாது. ஆனால் பந்தை எறியும்போது அந்தக் காற்றையும் சேர்த்துத்தான் வேகப்படுத்த வேண்டும். தராசின் எடையை மட்டும் நம்பி மோட்டாரைத் தேர்ந்தெடுத்தால் கணக்கு குறையும்.

மேற்பரப்பும் பந்தோடு சேர்ந்து மாறும். புதுப் பந்தின் மேல் தூளோ வழுக்குப் பசையோ இருக்கலாம். மென்மையான சோப்பு நீரில் துடைத்தால் போகும். பழைய பந்து உரசலில் தேய்ந்திருக்கும். 2022இன் பெரிய டென்னிஸ் பந்தில் மேலே இருந்த மயிர்த்துணி பயன்பாட்டில் தேயும் என்பதால், புதுப் பந்தில் சரியாக எறிந்த சக்கரம் பழைய பந்தில் வேறு தூரம் எறியலாம். நன்றாகத் தயாராகும் அணி, புதியது ஒன்று, நடுத்தரம் ஒன்று, தேய்ந்தது ஒன்று என்று மூன்று பந்துகளை எண் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் ரோபோவைச் சோதிக்கும். அனுமதிக்கப்பட்ட அளவின் பெரிய முனையிலும் சிறிய முனையிலும் தேறிய ரோபோவுக்குப் போட்டி நாளில் எந்தப் பந்து வந்தாலும் கவலையில்லை.

வெடித்தால்?

பந்தைச் சேதப்படுத்தும் கூர்முனைகள் ரோபோவில் இருக்கக்கூடாது என்பது இந்தப் போட்டியின் நிலையான விதி. பரிசோதகர்கள் ரோபோவைச் சுற்றி வந்து பார்ப்பார்கள். அவர்கள் வருவதற்கு முன்பே மாணவர்கள் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு: பழைய துணியால் ரோபோவின் பந்து படும் பகுதிகள் அனைத்தையும் துடைத்துப் பார்ப்பது. துணி எங்கே சிக்குகிறதோ அங்கே பந்தும் கிழியும். அறுத்த அலுமினியத்தின் ஓரம், நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் நுனி, வெட்டிவிட்ட பிளாஸ்டிக் கட்டின் முனை ஆகிய மூன்றும்தான் பெரும்பாலான பஞ்சர்களுக்குக் காரணம். அரம் போட்டுத் தேய்ப்பதும், போல்ட் நுனிக்குத் தொப்பி போடுவதும், கட்டின் முனையை மழுங்க வெட்டுவதும் சில நிமிட வேலை.

உடற்பயிற்சிப் பந்துகளில் ‘வெடிக்காத வகை’ என்று விற்கப்படுபவை ஓட்டை விழுந்தால் சட்டென்று கிழிந்து சிதறாமல் மெல்லக் காற்றிறங்கும்படி தயாரிக்கப்படுகின்றன. மனிதர் மேலே உட்காரும் பொருளுக்கு அது மிக அவசியமான குணம். பட்டறையிலும் அதையே வாங்குவது நல்லது. சிறு ஓட்டையை வினைல் ஒட்டுப் போட்டு அடைக்கலாம். ஆனால் ஒட்டுப் போட்ட இடம் கெட்டியாகி, பந்து உருளும்போது ஒருபக்கம் இழுக்கும். அதைப் பயிற்சி ஓட்டத்துக்கு வைத்துக்கொண்டு, அளவு பார்க்கும் சோதனைகளுக்கு நல்ல பந்தையே எடுக்க வேண்டும்.

கொண்டுசெல்வது தனிச் சிக்கல். அமெரிக்க வீடுகளிலும் பள்ளிகளிலும் பல கதவுகளின் அகலம் 36 அங்குலம். 40 அங்குலப் பந்து அப்படியே நுழையாது. நசுக்கித் திணித்தால் கதவின் தாழ்ப்பாளில் கிழியும். காற்றை இறக்கி, வாக்யூம் கிளீனரால் மீதியை உறிஞ்சி, தளர்வாக மடித்துப் பையில் எடுத்துச் செல்வதே வழி. பம்பும், முனை இணைப்பும், டேப்பும் அதே பையில் இருக்க வேண்டும். வெயில் படும் சன்னலோரமும் சூடேற்றியின் அருகும் பந்து வைக்கத் தகாத இடங்கள்.

பகிர்ந்தால் போதும்

வுடி ஃபிளவர்ஸ் இந்தப் போட்டிக்குக் கற்றுத்தந்த பண்பு, கடுமையாகப் போட்டியிட்டுக்கொண்டே எதிரணிக்கும் உதவுவது. பந்து விஷயத்தில் அந்தப் பண்பு மிக எளிதாகச் செயலுக்கு வருகிறது. அருகருகே உள்ள இரண்டு பள்ளிகள் பந்துகளைச் சேர்ந்து வாங்கிப் பகிர்ந்துகொண்டால் செலவு பாதியாகும். பழைய அணிகளின் பரணில் முந்தைய ஆண்டுகளின் பந்துகள் கிடக்கும். புதிதாகத் தொடங்கிய அணிக்கு அவை பயிற்சிக்குப் போதும். பணம் குறைந்த பள்ளிக்கும் வசதியான பள்ளிக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறைக்க இது மிக மலிவான வழி.

பெரியவர்கள் கவனிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. பல அணிகளில் காற்றடிக்கும் வேலை, வேறு வேலை கிடைக்காத புது மாணவருக்குத் தள்ளிவிடப்படுகிறது. அந்த வேலைக்குள் வடிவியலும் வாயு விதியும் பொருளறிவியலும் அளவையியலும் இருக்கின்றன. அதைக் கையில் எடுக்கும் மாணவருக்கு ஒரு குறிப்பேடு கொடுத்து, தேதி, வெப்பநிலை, சுற்றளவு, அன்றைய எறிதூரம் நான்கையும் எழுதச் சொன்னால், சில வாரங்களில் அந்த அணியிலேயே ரோபோவின் தவறுகளை விளக்கத் தெரிந்தவர் அவராகத்தான் இருப்பார்.

எந்த ஊரில் எந்தப் போட்டியாக இருந்தாலும், பந்தைக் கையாளும் ரோபோவைக் கட்டப்போகும் ஆசிரியர்களும் வழிகாட்டிகளும் முதல் வாரச் செலவில் பந்துக்கும் பம்புக்கும் இன்ச் டேப்புக்கும் இடம் ஒதுக்க வேண்டும். குறைந்தது மூன்று பந்துகள் வாங்குங்கள். ஐந்தில் நான்கு பங்கு ஊதி, ஒரு நாள் விட்டு மீதியை ஊதுங்கள். தினமும் அளந்து எழுதிவைக்கச் சொல்லுங்கள். ரோபோவின் கையை வரைய மாணவர்கள் உட்காரும்போது, சரியான அளவில் காற்றடித்த பந்து அவர்கள் மேசைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.